நீர்க்கடுப்பு மருந்துகளைச் சேர்த்துச் சாப்பிடும்போது நேரும் தவறுகள்

நீர்க்கடுப்பு வந்தால் கிருமியைக் கொல்ல ஓர் ஆன்டிபயாடிக், எரிச்சல் தணிய ஒரு சிரப், வலிக்கு ஒரு மாத்திரை என்று குறைந்தது மூன்று மருந்துகள் சேர்ந்துவிடும். இதில் சிரப்பை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. பிசகு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

அந்த சிரப்பில் இருப்பது பொட்டாசியம் சிட்ரேட் அல்லது டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். சிறுநீரின் அமிலத்தைக் குறைத்துக் காரமாக்குவதுதான் அதன் வேலை, கிருமியைக் கொல்லாது. நைட்ரோஃபியூரன்டாயின் என்ற ஆன்டிபயாடிக்கோ அமிலச் சிறுநீரில்தான் வலுவாக வேலை செய்யும். இரண்டையும் சேர்த்தால் எரிச்சல் அடங்கும், கிருமி தங்கிவிடலாம். சிறுநீர்க் கிருமிக்குத் தரும் மெத்தனமைன் என்ற மருந்துக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும்: சிறுநீரின் பிஹெச் (அமில-கார அளவு) 6-க்குக் கீழே இருந்தால்தான் அது பிரிந்து கிருமியைத் தாக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் காரச் சிறுநீரில் சரியாகக் கரையாமல் படிகமாகலாம். ஆக, எந்த ஆன்டிபயாடிக் என்று தெரியாமல் சிரப்பைத் திறக்கவே கூடாது.

பொட்டாசியம் சிட்ரேட்டில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் ஏற்கெனவே தேங்கும். டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக்கும் அதையே செய்யும். மூன்றும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். கிட்னி பலவீனமானவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

அடுத்தது நேரம். சிப்ரோஃப்ளாக்சசினை இரும்புச்சத்து, கால்சியம், ஜிங்க் மாத்திரைகளோடோ, நெஞ்செரிச்சலுக்கான அலுமினியம், மெக்னீசியம் மருந்துகளோடோ விழுங்கினால், அவை அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ரத்தத்தில் சரியாகச் சேரவிடாது. இவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோதான் அதைப் போட வேண்டும். காலை 8, இரவு 8 என்று சாப்பிடுபவர் இரும்பு மாத்திரையைக் காலை 10-க்கும் மதியம் 2-க்கும் இடையில் போட்டால் இரண்டு வேளைக்கும் இடைஞ்சல் இல்லை. நைட்ரோஃபியூரன்டாயினை உணவோடு சாப்பிடுங்கள். மெக்னீசியம் டிரைசிலிகேட் உள்ள மருந்து அதோடு வேண்டாம்.

எரிச்சலை மரத்துப்போகச் செய்யும் ஃபெனசோபைரிடின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரில் பட்டையை நனைத்து அதன் நிறத்தை வைத்துச் சொல்லும் பரிசோதனை தப்பான முடிவு காட்டலாம். அதனால் சிறுநீர் மாதிரியைக் கொடுத்துவிட்டுப் பிறகு மாத்திரையைத் தொடங்குங்கள். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்தால் 2 நாளுக்கு மேல் வேண்டாம். எரிச்சல் போய்விட்டதே என்று ஆன்டிபயாடிக்கைப் பாதியில் விட்டுவிடுவது இதோடு கூடவே வரும் தவறு. தோலோ கண்ணின் வெள்ளையோ மஞ்சளித்தால் ஃபெனசோபைரிடினை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கிட்னி சரியில்லாதவர்கள் இதைத் தொடவே கூடாது. ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகளால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்துபோகும் பிறவிக் குறை) உள்ளவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அடிக்கடி முட்டிக்கொண்டு வருவதற்குத் தரும் ஃப்ளேவாக்ஸேட், ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை சிறுநீர்ப்பையைத் தளர்த்தும். சளிக்கு வாங்கும் குளோர்ஃபெனிரமைனுக்கும் அந்தக் குணம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் நீர் இறங்காமல் அடைத்துக்கொள்ளலாம். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்கு இது அதிகம் நடக்கும்.

வலிக்குப் பெரும்பாலானவர்களுக்குப் பாராசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு நாளுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் அது இருக்கும், அதையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரிக்கும் மாத்திரையும் சாப்பிடுபவர்கள் இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கம் போக வேண்டாம். அந்த மூன்றும் சேர்ந்தால் கிட்னி திடீரென்று செயலிழக்கக்கூடும்.

குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம் என்று ஏதாவது இருந்தால் வீட்டில் மருந்து கலக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதல் எரிச்சலுக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது வழக்கமாகச் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், அந்த சிரப் பாட்டிலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.