கொடுவா மீன் வேண்டுமா? நீர் இறங்கும் நேரத்தில் போங்கள்
கொடுவாவுக்குத் தூண்டில் போட, ஓதம் (கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறி முடிந்து நீர் இறங்கத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். இடம், ஓடை கழிமுகத்தில் வந்து சேரும் வாய். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாளாக, விடியலாகவோ அந்தியாகவோ அமைந்தால் இன்னும் நல்லது.

நீர் வடியும்போது இறாலும் மடவைக் குஞ்சும் கரையோரப் புல்லிடுக்கை விட்டு வெளியே வந்தாக வேண்டும். கொடுவா நெடுந்தூரம் துரத்தாது. கல்லுக்கோ வேருக்கோ பின்னால் பதுங்கி, இரை வாய்க்கு நேரே வரும்வரை நிற்கும். வந்ததும் 'டப்'பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தூண்டிலை அந்த வேரோரம் போடுங்கள், நடு ஓடையில் போட்டுப் பயனில்லை.

வெயில் காலமும் மழை தொடங்கும் நாட்களும்தான் இதற்குச் சரி. நீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் மீன் மந்தமாகிவிடும், இரையை ஏறெடுத்தும் பார்க்காது. லேசான கலங்கல் பரவாயில்லை. முழங்கை வரை கையை விட்டு விரல் தெரியாத அளவுக்கு வெள்ளச் சேறு என்றால் வீட்டிலேயே இருக்கலாம். ஓதம் எட்டாத குளம், ஏரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.