அடிகாயம் போலத் தோன்றும் கட்டி: தோலின் அரிய டென்ட்ரிடிக் கலப் புற்றுகளை இனங்காணும் முறை

திருகோணமலையில் தோல் சிகிச்சை நிலையத்துக்கு வரும் அறுபது கடந்த மீனவர் ஒருவர், முதுகிலுள்ள கருநீலத் தடிப்பைக் காட்டி "வள்ளத்தில அடிபட்டது" என்று சொன்னால், பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆயினும் அடிபட்டுக் கன்றிய இடம் பச்சை, மஞ்சள் என நிறம் மாறி இரண்டு மூன்று வாரங்களில் மறைந்துவிட வேண்டும். மறையாமல், வலியோ அரிப்போ இன்றி, விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டு, வேறிடங்களிலும் புதிதாக முளைக்கும் தடிப்பைப் பார்த்தால், பிளாஸ்மசைட்டொயிட் டென்ட்ரிடிக் கலங்கள் எனும் ஒருவகை நோயெதிர்ப்புக் கலங்களின் முன்னோடிகளிலிருந்து எழும், பிபிடிசிஎன் எனச் சுருக்கி வழங்கப்படும் கடும் புற்றை நினைவிற்கொள்ள வேண்டும். இது முதிய ஆண்களிடம் அதிகம் காணப்படுவதுடன், பெரும்பாலானோரில் முதலில் தோலிலேயே தலைகாட்டுகிறது.

இலங்கையில் தோல் முடிச்சு என்றதும் தொழுநோயையும் மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோயான லீஷ்மேனியாசிசையும் முதலில் விலக்கிக்கொள்வது முறை. பஞ்சு நுனியால் உணர்ச்சியைச் சோதித்து, முழங்கை நரம்பு தடித்துள்ளதா எனத் தடவிப் பார்த்து, தேவையெனில் சுரண்டல் மாதிரியில் ஒட்டுண்ணியைத் தேடலாம்.

நோய்நிர்ணயம் தவறிப்போவது பெரும்பாலும் மாதிரி எடுக்கும் மேசையில்தான் என்பது என் கருத்து. மேலோட்டமாகச் சீவி எடுத்த துண்டு இங்கே பயன்படாது. ஏனெனில் பிபிடிசிஎன் மேற்றோலைத் தொடாது, இடையில் கலமற்ற மெல்லிய பட்டையொன்றை விட்டு, உட்டோலில் பரவிக் கொழுப்புவரை இறங்கும். எனவே புண்ணாகாத, நன்கு வளர்ந்த தடிப்பொன்றிலிருந்து கொழுப்பு தெரியும் ஆழத்துக்கு, குறைந்தது 4 மில்லிமீற்றர் பஞ்ச் பயொப்சியோ (வட்டக் கத்தியால் துளைத்தெடுக்கும் மாதிரி) சிறு வெட்டு மாதிரியோ எடுத்து, அதன் கன அளவைப் போல் பத்து மடங்கு போர்மலினில் உடனே இட வேண்டும். பயொப்சிக்கு முன் "பார்ப்போமே" என்று பிரெட்னிசொலோன் எனும் ஸ்டீரொயிட் மருந்தைக் கொடுப்பது தடிப்பைத் தற்காலிகமாகச் சுருக்கி, படத்தைக் குழப்பிவிடும். கோரிக்கைப் படிவத்தில் "தோல் கட்டி" என்று இரு சொற்களை மட்டும் எழுதி அனுப்புவது நோயியல் நிபுணருக்குச் செய்யும் அநியாயம். வயது, எத்தனை வாரங்கள், எத்தனை தடிப்புகள், குருதிக் கல எண்ணிக்கை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றோடு சந்தேகத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

சாதாரணச் சாயத்தில் இவை நடுத்தர அளவுள்ள முதிராத கலங்களாக மட்டுமே தெரிவதால், முடிவு, கலத்திலுள்ள குறியீட்டுப் புரதங்களைச் சாயமேற்றிக் காட்டும் இம்யூனோ சாயங்களிடம் செல்கிறது. சீடி4, சீடி56, சீடி123 ஆகிய மூன்று குறியீடுகளும் ஏற்பட்டால், அதாவது சாயம் பிடித்தால், சந்தேகம் வலுக்கும். இங்கேதான் பொறி இருக்கிறது: மொனோசைட் வகைக் கடும் குருதிப்புற்று தோலில் இறங்கும்போதும் இம்மூன்றும் ஏற்படக்கூடும். ஆகவே டிசிஎல்1, டிசிஎப்4, சீடி303 ஆகிய பிபிடிசிஎன் குறியீடுகளில் கிடைப்பதைச் சேர்த்துக் கேட்பதோடு, பிற குருதிப்புற்றுகளையும் லிம்போமாக்களையும் சுட்டும் மயிலோபெரொக்சிடேஸ், லைசோசைம், சீடி3, சீடி20 ஆகியவை ஏற்படவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஈபிவி (எப்ஸ்டீன்-பார் வைரஸ்) தேடும் ஈபர் சோதனை, என்கே எனும் நோயெதிர்ப்புக் கலங்களின் லிம்போமாவை விலக்க உதவும்.

பிற டென்ட்ரிடிக் கட்டிகளில் சாயங்களின் சேர்க்கை வேறு. லாங்கர்ஹான்ஸ் கல ஹிஸ்டியோசைட்டோசிசில் காப்பிக் கொட்டை போலப் பிளவுற்ற கருக்களுடன் எஸ்100, சீடி1ஏ, லாங்கரின் மூன்றும் ஏற்படும். முதல் இரண்டும் ஏற்பட்டு லாங்கரின் மட்டும் இல்லையெனில் இடைநிலை வகை. எஸ்100 இருந்து சீடி1ஏ, லாங்கரின் இரண்டும் இல்லாதபோது இன்டர்டிஜிடேட்டிங் டென்ட்ரிடிக் கல வகையைக் கருதலாம், ஆனால் அதற்குமுன் நிறமிக் கலப் புற்றான மெலனோமாவை விலக்கியே தீரவேண்டும். பொலிக்குலர் டென்ட்ரிடிக் கல வகைக்கு சீடி21, சீடி23, சீடி35 குறியீடுகள். குழந்தையின் தலையில் எண்ணெய்ப் பொடுகு எனக் கருதிய படை ஆறாமல், அதில் குருதிப் புள்ளிகளும் தோன்றினால், லாங்கர்ஹான்ஸ் வகையை எண்ணிப் பயொப்சி செய்ய வேண்டும். அதிதாகமும் அதிக சிறுநீரும் உண்டா எனத் தாயிடம் கேட்பதை மறக்கலாகாது.

பிபிடிசிஎன் உறுதியானதும், தோலில் ஒரேயொரு தடிப்பே இருந்தாலும், குருதிப் பூச்சு, என்புமச்சைப் பரிசோதனை, முள்ளந்தண்டுப் பாய்மப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவற்றுக்காகக் குருதியியல் நிபுணரிடம் அன்றைய தினமே தொலைபேசியில் பேசி அனுப்ப வேண்டும்.