பம்ப்பா, ஸ்பிரிங்கா? விமான எஞ்சினின் எரிபொருள் அழுத்தம், ஒரு செய்முறை

பம்ப் வேகமாக ஓடினால் எரிபொருள் அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் ஏரோநாட்டிகல் படிக்க வரும் பலரும் நினைக்கிறார்கள். புத்தகப் படத்தைப் பார்த்து இது தெளியாது. ஒரு பம்ப்பைக் கையால் அடித்துப் பார்க்க வேண்டும்.

புதுப்பேட்டையில் பழைய அம்பாசடர் பெட்ரோல் பம்ப் ஒன்று தேடிப் பிடியுங்கள். லைகமிங் ஓ-320 மாதிரி சிறிய விமானங்களின் கார்புரேட்டர் எஞ்சின்களில் இருப்பதும் இதே டயாஃப்ரம் வகைதான், அதாவது வளையும் சவ்வு ஒன்று மேலும் கீழும் அசைந்து தள்ளும் வகை. நன்றாகக் கழுவுங்கள். சோதனைக்குத் தண்ணீர் மட்டும், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். கேஜ் 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டுவதாக இருக்கட்டும். டயருக்குக் காற்றடிக்கும் கேஜில் மூன்று நான்கு பிஎஸ்ஐக்கு முள் அசைந்ததே தெரியாது.

உறிஞ்சும் குழாய் வாளியில். வெளியேறும் பக்கம் T வடிவ இணைப்பு ஒன்று, அதில் கேஜ், கடைசியில் ஒரு டேப். லீவரை அடித்தால் தண்ணீர் விட்டுவிட்டு வரும்.

சரி, இப்போது டேப்பை மூடிவிட்டு அடியுங்கள். முள் ஏறி ஓரிடத்தில் நிற்கும். அப்புறம் லீவர் கனமே இல்லாமல் லொடலொடவென்று ஆடும். பம்ப் போய்விட்டது என்று இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். போகவில்லை. லீவர் டயாஃப்ரத்தைக் கீழே இழுக்க மட்டும்தான் செய்யும், மேலே தள்ளுவது ஸ்பிரிங். தண்ணீரின் அழுத்தம் ஸ்பிரிங்கின் விசைக்கு ஈடானதும் டயாஃப்ரம் கீழேயே நின்றுவிடுகிறது. லீவருக்கு இழுக்க எதுவும் இல்லை. எவ்வளவு வேகமாக அடித்தாலும் முள் நகராது. டேப்பை லேசாகத் திறங்கள், முள் இறங்கும், லீவரில் கனம் திரும்பும்.

விமானத்தில் டேப்பின் வேலையைக் கார்புரேட்டரின் மிதவை ஊசி பார்த்துக்கொள்கிறது, பெட்ரோல் நிறைந்ததும் மிதவை உயர்ந்து ஊசியால் வழியை மூடிவிடும். ஓ-320க்கு வரம்பு 0.5 முதல் 8 பிஎஸ்ஐ. குறைந்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போதாது. மீறினால் ஊசி சரியாக மூடாமல் வழியும்.

சுழலும் தகடுகளால் தள்ளும் வேன் (vane) பம்ப் அப்படியில்லை, சுற்றும்போதெல்லாம் தள்ளியே தீரும். அதனால் ஸ்பிரிங் வைத்த ரிலீஃப் வால்வு, குக்கர் வெயிட் மாதிரி. மிஞ்சியது மட்டும் வெளியே போகாமல் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கே திரும்பும்.

பின்சேர்க்கை: மீனம்பாக்கத்தில் கிளம்பி 10,000 அடிக்கு ஏறினால் காற்றழுத்தம் சுமார் 30 சதவீதம் குறையுமே, அது எரிபொருள் அழுத்தத்தைப் பாதிக்காதா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பல வேன் பம்ப்புகளில் ரிலீஃப் வால்வோடு ஒரு டயாஃப்ரமும் உண்டு, அதன் மறுபக்கம் வெளிக்காற்று. அதனால் வெளிக்காற்றைவிட எரிபொருள் அழுத்தம் எவ்வளவு அதிகமோ, அந்த வித்தியாசம் மாறாது. வெளிக்காற்று வரும் வென்ட் துளை அடைத்தால் கணக்கு கெடும்.

வாளிச் சோதனையில் அடிப்பதை நிறுத்தியதுமே முள் சரிகிறது என்றவர்களுக்கு: வெளியேறும் வால்வில் தூசி இருக்கும், கழற்றி ஊதிவிடுங்கள்.