மழை வந்த பிறகு டயர் வாங்கப் போகாதீர்கள்

சென்னையில் முதல் பெரிய மழை அடித்து ஓய்ந்த மறுநாள் காலை ஏதாவது ஒரு டயர் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். ஜாக்கியில் ஏறி நிற்கும் வண்டிக்குப் பின்னால் நாலைந்து எஸ்யூவி வரிசை கட்டி நிற்கும். முந்தின நாள் வேளச்சேரியிலோ துரைப்பாக்கத்திலோ பிரேக்கை மிதித்தும் நிற்காமல் வண்டி பத்தடி வழுக்கிப் போயிருக்கும். அந்தப் பயத்தோடு வருகிறவரிடம் கடைக்காரர் எந்த டயரை உருட்டிக்கொண்டு வந்து காட்டினாலும் "சரி, போடுங்க" என்றுதான் சொல்வார். டயர் வாங்குவதில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி இந்த அவசரத்தில்தான் நடக்கிறது. நானும் அப்படி மாட்டிக்கொண்டவன்தான். அந்தக் கதை கொஞ்சம் கழித்து.

முதல் தவறு, டயர் மொட்டையாகும் வரை காத்திருப்பது. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் இருப்பது 1.6 மில்லிமீட்டர்தான், அதற்குமேல் ஓட்டக் கூடாது. ஆனால் அது கடைசி எல்லை. புது டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். சாலையில் நிற்கும் தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுவது அந்தப் பள்ளங்களின் வேலை. ஆழம் குறையக் குறையத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் போய், டயர் தார்ச்சாலையைத் தொடாமல் தண்ணீர் மேலேயே மிதந்து ஓடும். அப்போது ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டிக்குத் தெரியாது. என் கணக்கு இதுதான்: ஆகஸ்ட் கடைசியில் அளந்து பார்த்து 3 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், வடகிழக்குப் பருவமழையை அந்த டயரோடு சந்திக்கக் கூடாது. அக்டோபர் வரைக்கும் ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கும். நாலு கடை ஏறி இறங்கலாம், கேட்ட டயர் இல்லையென்றால் வரவழைக்கச் சொல்லலாம்.

அடுத்தது, 'ஆல் சீசன்' என்ற வார்த்தையில் மயங்குவது. "சார், இது ஆல் சீசன் சார், வெயில் மழை எல்லாத்துக்கும் தாங்கும்" என்று கடையில் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் அந்தப் பெயர் பிறந்த ஊர்களில் சீசன் என்றால் பனியும் சேர்த்தி. கோடைக்கு ஒரு செட், பனிக்காலத்துக்கு ஒரு செட் என்று மாற்றிக்கொண்டே இருக்க முடியாதவர்களுக்காக, லேசான பனியிலும் சமாளிக்கும்படி செய்த டயருக்குத்தான் அங்கே அந்தப் பெயர். பக்கவாட்டில் 'எம்+எஸ்' என்று இருந்தால் சேறு, பனி என்று அர்த்தம். மூன்று சிகரம் உள்ள மலைக்குள் பனிப்பூ படம் போட்டிருந்தால் கடும் பனிக்கான சோதனையில் தேறிய டயர். நமக்கு அதெல்லாம் எதற்கு? கத்திரி வெயிலில் கொதிக்கும் தாரும், நவம்பரில் தேங்கும் தண்ணீரும்தான் நம் சீசன். இந்தியாவில் விற்கும் சாதாரண ரோடு டயர் இந்த இரண்டுக்கும் ஏற்றதுதான். ஆகவே கடையில் கேட்க வேண்டியது ஆல் சீசனா என்பதை அல்ல, ஈரச் சாலையில் பிடிப்பு எப்படி என்பதைத்தான். நடுவில் சுற்றிலும் ஓடும் அகலமான பள்ளம் மூன்று நான்கு இருக்கிறதா என்றும் நீங்களே பாருங்கள்.

இதோடு ஒட்டிய ஆசை ஒன்று உண்டு: பெரிய பெரிய கட்டம் போட்ட, மலையேறும் வண்டி மாதிரித் தெரியும் 'ஏ/டி' டயர், அதாவது எல்லாத் தரைக்கும் என்று செய்த 'ஆல் டெரெய்ன்'. பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகவும் ஓடும் வண்டிக்கு அது வீண். இரைச்சல் கூடும், மைலேஜ் குறையும், ஈரமான தாரில் பொதுவாக ரோடு டயர் அளவுக்குப் பிடிப்பும் இருக்காது. 'எச்/டி', அதாவது 'ஹைவே டெரெய்ன்' என்று போட்ட ரோடு டயரே போதும்.

இப்போது என் கதை. 2022 நவம்பரில், மறுநாள் விடியற்காலை திருநெல்வேலிக்குக் கிளம்ப வேண்டும் என்ற நிலையில், முந்தின நாள் சாயங்காலம் ஒரு கடையில் நான்கு டயரையும் மாற்றினேன். புது டயர் வாசனை, பளபளப்பு, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பொங்கல் சமயத்தில் வண்டி கழுவும்போதுதான் தேதியைப் பார்க்கவே இல்லையே என்று உறைத்தது. வெளிப்பக்கம் முழுக்கத் துடைத்துப் பார்த்தேன், எண் இல்லை. அந்தத் தேதி பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும், மாட்டும்போது அது உள்பக்கமாகவும் போய்விடலாம். பார்க்கிங் தரையில் பழைய பேப்பரை விரித்துப் படுத்து, செல்போன் டார்ச்சை அடித்து, சேற்றை விரலால் வழித்துப் பார்த்தால் முட்டை வடிவக் கட்டத்துக்குள் '0820' என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். அதாவது 2020 பிப்ரவரியில் செய்த டயர். இரண்டே முக்கால் வருடம் எங்கோ குடோனில் கிடந்ததைப் புது விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். மற்ற மூன்றும் அதே கதைதான். கடையில் போய்க் கேட்டதற்கு "ஓடாத டயர்தானே சார், புதுசுதான்" என்றார்கள்.

ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும். வெப்பமும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல இறுக வைக்கும். நிழலில் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தால் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். ஐந்தாறு வருடத்தில் டயரை மாற்றுவது நல்லது என்றால், நான் மாட்டிய அன்றே அதில் பாதி போய்விட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், நம் ஊரே டயர் ஊர். எம்.ஆர்.எஃப். 1946-இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியது திருவொற்றியூரில்தான். ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய்கண்டிகையில் மிச்லின் என்று சுற்றிலும் தொழிற்சாலைகள். அதனால் இங்கே டயர் சுடச்சுடக் கிடைக்கும் என்றொரு நினைப்பு எனக்கு இருந்தது. ஒரு தொழிற்சாலை எல்லா அளவும் செய்வதில்லை, செய்ததும் நேரே பக்கத்துக் கடைக்கு வருவதும் இல்லை. இப்போதெல்லாம் டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே நான்கையும் படுக்க வைக்கச் சொல்லி எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். ஆறு மாதத்துக்குள் என்றால் நிம்மதி. ஒரு வருடத்தைத் தாண்டினால் வேறு கடை.

அளவு விஷயத்தில் கணக்குப் போடாமல் இறங்குவது இன்னொரு தவறு. என் பெரியப்பா மகன் கிரெட்டா வைத்திருக்கிறான். 215/60 ஆர்17 அளவு: அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 17 அங்குலம். அதே ரிம்மில் 235/65 ஆர்17 போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பழைய டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய 690 மில்லிமீட்டர், அவன் கேட்டது 737. ஏழு சதவீதம் கூடுதல். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே உரசும் அபாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். மீட்டரில் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-இல் போகும். பொதுவாக 3 சதவீதத்துக்குமேல் மாற்றம் கூடாது என்பார்கள். குடும்ப வண்டிக்குக் கம்பெனி கொடுத்த அளவே போதும் என்பது என் கட்சி. அவனும் கடைசியில் அதையே போட்டான், அரை மனதோடு.

அளவைவிட அதிகம் பேர் கவனிக்காமல் விடுவது அதன் பின்னால் வரும் எண்ணை. '96எச்' என்று இருந்தால், 96 என்பதற்கு ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்று அர்த்தம், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். ஏழு பேர், மேலே கேரியரில் பெட்டிகள், பின்னால் அரிசி மூட்டை என்று ஊரிலிருந்து திரும்புகிற வண்டிக்கு அந்த எண் சும்மா அச்சடித்ததல்ல. பழைய டயரில் இருப்பதைவிடக் குறைந்த எண்ணை, ஆயிரம் ரூபாய் மிச்சம் என்றாலும் வாங்காதீர்கள்.

சரி, நான்குக்கும் பணம் இல்லை, இரண்டு மட்டும்தான் என்றால்? நம் ஊர் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. ஆகவே கடையில் கேட்காமலே புதியவற்றை முன்னால் போட்டு, பழையதைப் பின்னால் தள்ளிவிடுவார்கள். "இழுக்கறது முன்னாடி சார், அங்கதான் கிரிப் வேணும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் டயர் கம்பெனிகளே சொல்வது இதற்கு நேர்மாறு: புது டயர் இரண்டும் பின்னால்தான். காரணம் எளிது. ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வரும். ஈ.சி.ஆர். வளைவில், மழையில், பின் சீட்டில் குழந்தைகளோடு அதைச் சமாளிக்க நமக்கெல்லாம் பயிற்சி கிடையாது. இதற்காகக் கடைக்காரரோடு நான் பத்து நிமிடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். "உங்க இஷ்டம் சார்" என்று போட்டுக்கொடுத்தார். நான்கு சக்கர இழுவை வண்டியாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். முன்னும் பின்னும் தேய்மானம் ஏறுக்குமாறாக இருந்தால் உள்ளே இருக்கும் கியர்களுக்குக் கேடு, நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

விலையைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது, பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் கேளுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். நாளை டயரில் வீக்கம் கண்டால் கம்பெனியிடம் நீட்ட உங்களிடம் காகிதம் இருக்காது. புதுப்பேட்டைப் பக்கம் கிடைக்கும் பழைய டயர் குடும்ப வண்டிக்கு வேண்டவே வேண்டாம். வெளியே நன்றாகத் தெரியும். உள்ளே கம்பி இற்றிருப்பதை யார் பார்த்தார்கள்?

மாட்டிய பிறகும் இரண்டு தவறுகள் காத்திருக்கின்றன. ஒன்று, பழைய ரப்பர் வால்வையே விட்டுவிடுவது. சில பத்து ரூபாய்ச் சாமான், அதிலிருந்துதான் மெதுவாகக் காற்று இறங்கும். அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் அதே நாளில் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது டயர் ஒரு ஓரமாகத் தேயத் தொடங்கும். இரண்டாவது, காற்று. டயரின் பக்கவாட்டில் போட்டிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதைப் பார்த்து அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் ஒட்டியிருக்கும். வண்டி நிறைய ஆள் ஏற்றினால் எவ்வளவு என்றும் தனியாக இருக்கும். இதைக் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். மே மாத மதியம் பத்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு பங்க்குக்குப் போனால் சூட்டில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும். அதிகமாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்து கிடக்கும். காற்றுக் குறைந்த டயர் மடங்கி மடங்கிச் சூடேறும். திண்டிவனம் தாண்டி வெடிப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

அப்புறம் ஸ்டெப்னி. நான்கு டயர் வாங்கப் போன இடத்தில் "மூணு போதும், ஸ்டெப்னி புதுசா இருக்கே" என்று ஒருவர் கணக்குப் போட்டதைப் பார்த்தேன். ஏழு வருட வண்டியின் ஸ்டெப்னிக்கும் ஏழு வயதுதான், ஒரு கிலோமீட்டர் கூட ஓடாவிட்டாலும். சில வண்டிகளில் அது வேறு அளவிலும் இருக்கும், அவசரத்துக்கு மட்டும். நான் அதன் தேதியையும் பார்த்து, கையோடு அதிலும் காற்று அடித்துக்கொண்டு வந்துவிடுவேன். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்பானரை எடுத்து வீல் நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்ப்பேன். போன முறை இடது பின்சக்கரத்தில் ஒரு நட்டு கால் சுற்று போயிற்று.