ஒரு மலையின் பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு தீவையும் ஒரு ஏரிக்கரை ஊரையும் படிப்பது எப்படி

தெரியாத ஓர் இடத்தைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தால் பரப்பளவு, மக்கள்தொகை, தட்பவெப்பம் என்று மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டே போவோம், மறுநாள் காலையில் ஒன்றும் நினைவில் இருக்காது. நான் வேறு மாதிரி செய்வேன். வரைபடத்தில் அந்த மண்ணுக்கு ஒட்டாத ஒரு பெயரைத் தேடுவேன். அது அங்கே எப்படி வந்தது என்று துரத்தினால் வரலாறும் புவியியலும் சேர்ந்தே வந்துவிடும். ஆர்க்டிக்கில் இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவை இப்படிப் படிக்கப்போய் தெற்கு ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்ற ஏரிக்கரை ஊரில் போய் நின்றேன். அந்த வழியையே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் நல்ல வரைபடம் வேண்டும். போனில் இருக்கும் மேப் ஊருக்குள் வழி காட்ட நல்லதுதான், ஆனால் துருவப் பக்கம் போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். 78 பாகை வடக்கில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஸ்பிட்ஸ்பெர்கனின் இஸ்ஃபியோர்டன் என்ற கடல் நுழைவின் நீளம் 107 கிலோமீட்டர், ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் இருக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரியின் நீளம் 63. நிஜத்தில் இரண்டு மடங்குகூட இல்லை, மேப்பில் ஐந்து மடங்குக்கு மேல் தெரியும். அதனால் நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தின் டோபோஸ்வால்பார்ட் வரைபடத்தைத் திறந்துகொள்ளுங்கள், இலவசம்தான். அதே நிறுவனம் இடப்பெயர்களுக்குத் தனியாக ஒரு தரவுத்தளமும் வைத்திருக்கிறது. பெயரைத் தட்டினால் யாரால், எதனால் வந்தது என்று ஓரிரு வரியில் சொல்லிவிடும். எனக்கு அதுதான் புதையல்.

அடுத்து நார்வே மொழியில் ஐந்தாறு வால்கள் தெரிந்தால் போதும். ஃபியெல்லெட் என்று முடிந்தால் மலை, ப்ரேயன் என்றால் பனியாறு, ஓயா தீவு, டாலன் பள்ளத்தாக்கு, ஹாம்னா துறைமுகம், பியேன் ஊர். வாலை வெட்டிவிட்டுத் தலையைப் பாருங்கள். லாங்யியர்பியேன் என்பதில் பியேனை எடுத்தால் லாங்யியர் மிஞ்சும், 1906இல் இங்கே நிலக்கரி நிறுவனம் தொடங்கிய அமெரிக்கர். ஆம்ஸ்டர்டாமோயா என்றால் டச்சுக்காரர்கள். 1596இல் இந்தத் தீவைக் கண்டு, கூர்மலைகள் என்ற பொருளில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்று பேர் வைத்த பேரன்ட்ஸும் டச்சுக்காரர்தான். பின்னால் வந்த திமிங்கிலம் பிடிப்பவர்கள் அந்த ஆம்ஸ்டர்டாமோயாவில் கொழுப்பு உருக்கிய இடத்துக்கு ஸ்மேரன்பர்க், அதாவது கொழுப்பூர், என்று பேர் வைத்தார்கள். திமிங்கிலம், நிலக்கரி என்று இந்தத் தீவுக்கு யார் யார் எதற்காக வந்தார்கள் என்பது பேர்களிலேயே கிடக்கிறது. பழைய நூல்களைப் புரட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள், அவற்றில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்றால் பெரும்பாலும் தீவுக்கூட்டம் முழுவதும். தீவுக்கூட்டத்துக்கு ஸ்வால்பார்ட் என்ற பேர் 1925இல் ஆட்சி நார்வே கைக்கு வந்த பிறகு நிலைத்தது.

சரி, இப்போது மேற்குக் கரையில் நி-ஓலசுண்டுக்குப் போங்கள். பழைய சுரங்க ஊர், 1962இல் 21 பேரைப் பலிகொண்ட விபத்துக்குப் பிறகு சுரங்கம் மூடி இன்று ஆராய்ச்சி ஊர். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையமும் 2008 முதல் இங்கேதான் இருக்கிறது. ஊருக்குத் தெற்கே நிற்கும் மலையின் பேர் செப்பலின்ஃபியெல்லெட்.

இங்கேதான் நான் சறுக்கினேன். ஊருக்கு வெளியே ஓர் இரும்புக் கம்பம் இன்னும் நிற்கிறது, 1926 மே மாதம் வடதுருவத்துக்கு மேலாகப் பறந்த நோர்கே ஆகாயக் கப்பலைக் கட்டிவைத்த கம்பம். ஆகாயக் கப்பல் என்றால் விமானம் இல்லை, வாயு நிரப்பி எந்திரத்தால் ஓட்டும் நீளமான பெரிய பலூன். செப்பலின் என்பது அதற்கே ஆகிவந்த பேர். ஆகாயக் கப்பல் வந்த ஊர், அதனால் மலைக்கு செப்பலின் என்று பேர், முடிந்தது கதை என்று எழுதிவைத்துவிட்டேன். தப்பு. நோர்கே இத்தாலியில் கட்டியது, ஜெர்மனியின் செப்பலின் கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கம்பெனியைத் தொடங்கியவரும் மலைக்குப் பேர் தந்தவருமான செப்பலின் பிரபு அதற்கு 16 வருடம் முன்பே, 1910இல், நேரில் இந்தத் தீவுக்கு வந்தவர். ஆகவே, பேருக்குப் பக்கத்தில் பொருத்தமான ஒரு பொருள் கிடக்கிறது என்று ஆசைப்பட்டுவிடாதீர்கள். ஆண்டைப் பாருங்கள்.

பேர் ஓர் ஆளுடையது என்று தெரிந்ததும் அந்த ஆளின் ஊருக்குப் போங்கள், அங்கேயும் இதே வேலைதான். செப்பலின் தன் ஆகாயக் கப்பல்களைச் செய்த ஊர் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன். அதில் ஹாஃபன் என்பது துறைமுகம், நார்வேயின் ஹாம்னாவுக்குச் சொந்தக்காரச் சொல். தலை ஃப்ரீட்ரிக். வூர்ட்டம்பர்க் அரசர் முதலாம் ஃப்ரீட்ரிக், 1811இல் புக்ஹார்ன் என்ற பழைய நகரத்தையும் ஹோஃபன் மடாலயத்து ஊரையும் ஒன்றாக்கித் தன் பேரைச் சூட்டினார். பேர் தெரிந்தாயிற்று, அப்புறம் தண்ணீரைப் பாருங்கள். 536 சதுர கிலோமீட்டர் ஏரி, எதிரே ஸ்விட்சர்லாந்து, கிழக்கு முனையில் ஆஸ்திரியா. ஏரியின் பெரிய பகுதியில் எல்லைக்கோடு எங்கே என்று மூன்று நாடுகளும் இன்றுவரை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி, ஆகாயக் கப்பலை ஏன் ஏரிக்கரையில் செய்தார்கள்? 128 மீட்டர் நீளக் கப்பலைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுக்கும்போது பக்கவாட்டில் காற்றடித்தால் சுவரில் மோதி நொறுங்கிவிடும். செப்பலின் கொட்டகையையே ஏரியில் மிதக்கவிட்டு ஒரு முனையில் நங்கூரமிட்டார். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கொட்டகை தானாகத் திரும்பி நிற்கும், கப்பலைக் காற்றின் போக்கிலேயே வெளியே எடுக்கலாம். 1900 ஜூலை 2 அன்று மான்ட்ஸல் விரிகுடாவில் அப்படி எடுத்த முதல் கப்பல் 18 நிமிடம் பறந்தது. ஏரியை வெறும் அழகு என்று நினைத்துத் தாண்டிப் போனால் இந்த ஊரின் தொழில் வரலாறே கைநழுவிவிடும்.

இன்னொரு காட்சி எனக்கு அதைவிடப் பிடிக்கும். 1908 முதல் இங்கே பட்டம் விடும் நிலையம் ஒன்று இருந்தது. காற்றே இல்லாத நாளிலும் ஏரியில் படகை வேகமாக ஓட்டினால் பட்டம் எழும்பும், நூல் மாட்டிக்கொள்ள மரமோ கூரையோ கிடையாது. பட்டத்தில் கருவிகளைக் கட்டி மேல்காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்தார்கள். இதன் பின்னால் இருந்தவர் வானிலை அறிஞர் ஹுகோ ஹெர்கெசல். 1910இல் ஆகாயக் கப்பலை ஆர்க்டிக்கில் ஓட்ட முடியுமா என்று பார்க்க செப்பலின் மைன்ட்ஸ் என்ற நீராவிக் கப்பலில் ஸ்பிட்ஸ்பெர்கனுக்குக் கிளம்பியபோது கூடப் போனவரும் இவர்தான். அந்தப் பயணத்தில் அவர்கள் ஆகாயக் கப்பல் எதையும் கொண்டுபோகவில்லை. போய்வந்த சூட்டில் ஜெர்மானியர்கள் அந்தத் தீவிலேயே மேல்காற்று பார்க்கும் நிலையம் ஒன்றை அமைத்து, முதல் உலகப்போர் வரும்வரை நடத்தினார்கள்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி மலைக்குத் திரும்புங்கள். செப்பலின்ஃபியெல்லெட்டின் சரிவில் 470 மீட்டர் உயரத்தை ஒட்டி ஒரு கம்பிவண்டி போய் நிற்கும் இடம் ஓர் ஆய்வகம். ஊர்ப் புகைக்கு எட்டாத அந்த உயரத்தில் இன்றும் அளப்பது காற்றைத்தான், கரியமில வாயு எவ்வளவு, தூசு எவ்வளவு என்று.

நீங்களே செய்து பார்க்க ஒன்று தருகிறேன். வடமேற்கு மூலையில் டான்ஸ்கோயா தீவில் வர்கோஹாம்னா என்று இருக்கும். வர்கோ ஒரு கப்பலின் பேர். 1896இல் அதில் வந்தவர் மறுவருடம் அங்கிருந்து ஹைட்ரஜன் பலூனில் கிளம்பினார், உடல் 1930இல்தான் வேறொரு தீவில் கிடைத்தது. அவர் பிறந்தது ஸ்வீடனில் வெட்டெர்ன் ஏரிக்கரையில் ஒரு சிற்றூர். அங்கே அவருக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, சிவப்பும் வெள்ளையுமாக வரி போட்ட மிட்டாய்க்கும் அந்த ஊர் பேர்போனது.