அப்டேட்டுக்குப் பிறகு போட்டோஷாப்பில் கை தடுமாறுகிறதா? பழைய பழக்கத்தை மீட்கும் வழிகள்

படத்தின் மூலையைப் பிடித்து, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு இழுக்கிறீர்கள். நேற்று வரை அளவு மட்டும் சுருங்கியது. இன்று மணப்பெண்ணின் முகம் சப்பிப்போய் நிற்கிறது. கன்ட்ரோல் இசட் இரண்டு முறை தட்டி முன்னும் பின்னும் ஒப்பிடப் போனால், செய்த திருத்தம் இரண்டு படி பின்னால் போய்விடுகிறது. உங்கள் கையில் தவறில்லை. மென்பொருள் உங்களைக் கேட்காமல் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது.

புதிய வசதி வருவதை யாரும் வெறுப்பதில்லை. ஒரு நாளைக்கு நூறு முறை கை தானாகச் செய்யும் அசைவுக்கு ஒரே இரவில் வேறு அர்த்தம் கொடுத்துவிடுவதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. அப்டேட்டுக்குப் பின் முதல்முறை திறக்கும்போது ‘பழையபடி இருக்கட்டுமா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை என்பதால் பதிலை நாமே செட்டிங்கில் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலானவற்றுக்குப் பதில் உள்ளே இருக்கிறது. கீழே சொல்லும் விசைகள் விண்டோஸுக்கானவை. மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன்.

அளவு மாற்றும்போது ஷிஃப்ட் தலைகீழானது

2018 அக்டோபரில் வந்த 20.0 பதிப்பில், அதாவது சிசி 2019ல், இந்தக் குழப்பம் தொடங்கியது. அதற்கு முன், அளவு மாற்றும் வசதியான ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் மூலையைச் சும்மா இழுத்தால் படம் இழுபடும், ஷிஃப்ட்டோடு இழுத்தால் விகிதம் காக்கும். 20.0ல் இது அப்படியே புரண்டது. போதாக்குறைக்கு, வரைந்த வடிவங்களான ஷேப் லேயர்களும், கோட்டுப் பாதைகளான பாத்களும் பழைய முறையிலேயே விடப்பட்டன. ஒரே டிசைனில் போட்டோவுக்கு ஒரு விதி, அதன் பின்னால் இருக்கும் பட்டைக்கு இன்னொரு விதி. 2019 நவம்பரில் வந்த 21.0ல்தான் எல்லா லேயருக்கும் ஒரே விதி ஆனது.

திருப்ப வேண்டுமானால்: கன்ட்ரோல் கே அழுத்தி ப்ரிஃபரன்சஸ் திறங்கள். ஜெனரல் பக்கத்தில் ‘யூஸ் லெகசி ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்ம்’ என்று இருக்கும். அதில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். இனி ஷிஃப்ட் பழையபடி விகிதத்தைக் காக்கும்.

இந்த டிக் போடாதவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்முக்கான கன்ட்ரோல் டி (T) அழுத்தியதும் மேலே ஆப்ஷன்ஸ் பாரில் அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவே ஒரு சங்கிலிக் குறி தெரியும். அது அழுந்தியிருந்தால் சும்மா இழுத்தாலே விகிதம் காக்கும், விடுபட்டிருந்தால் காக்காது. கடைசியாக அது இருந்த நிலையை போட்டோஷாப் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு லேயரை வேண்டுமென்றே நீட்டச் சங்கிலியை விடுவித்துவிட்டு அப்படியே வேலையை முடித்தால், மறுநாள் எல்லாப் படமும் இழுபடும். அப்டேட் மறுபடி எதையோ மாற்றிவிட்டது என்று தோன்றும். முதலில் அந்தச் சங்கிலியைப் பாருங்கள்.

கன்ட்ரோல் இசட்: ஒரு படியா, பல படியா?

இதுவும் அதே 20.0ல் வந்த மாற்றம்தான். பழைய போட்டோஷாப்பில் கன்ட்ரோல் இசட் என்பது ஒரு சுவிட்ச். ஒரு தட்டில் கடைசி வேலை போகும், அடுத்த தட்டில் திரும்பி வரும். ரீடச் செய்பவர்கள் ஒரு தழும்பை அழித்துவிட்டு, இசட்டைப் படபடவெனத் தட்டித் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பது இதை வைத்துத்தான். படிப்படியாகப் பின்னால் போக கன்ட்ரோல் ஆல்ட் இசட் இருந்தது. இப்போது கன்ட்ரோல் இசட் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படி பின்னால் போகிறது, கன்ட்ரோல் ஷிஃப்ட் இசட் முன்னால் வருகிறது, பழைய சுவிட்ச் வேலை கன்ட்ரோல் ஆல்ட் இசட்டுக்குப் போய்விட்டது.

ஆபத்து எங்கே என்றால், பழைய பழக்கத்தில் நாலைந்து முறை தட்டிவிட்டு, பின்னால் போனது தெரியாமல் பிரஷ்ஷால் ஒரு கோடு போட்டுவிட்டால், முன்னால் இருந்த படிகள் ஹிஸ்டரியிலிருந்து அழிந்துவிடும். ஆகவே இந்த ஒன்றை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பழைய முறை வேண்டுமானால் எடிட் மெனுவின் அடியில் கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் பெட்டியைத் திறங்கள். விசையாலே திறக்க கன்ட்ரோல் ஆல்ட் ஷிஃப்ட் கே. அதில் ‘யூஸ் லெகசி அன்டூ ஷார்ட்கட்ஸ்’ டிக் போட்டு ஓகே. போட்டோஷாப்பை மூடித் திறந்தால்தான் மாற்றம் செயல்படும். மூடாமலே சோதித்துப் பார்த்துவிட்டு ‘இந்த செட்டிங் வேலை செய்யவில்லை’ என்று விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

திருப்ப முடியும் என்பதற்காக எல்லாவற்றையும் திருப்ப வேண்டியதில்லை. நீங்கள் இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் கூட வேலை செய்கிறீர்கள் என்றால், அங்கே கன்ட்ரோல் இசட் எப்போதுமே பல படி பின்னால் போகும். அதனால் அன்டூவில் புதிய முறையைப் பழகிக்கொள்வதே மேல், இரண்டு வாரத்தில் கை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அளவு மாற்றுவதற்கு இல்லஸ்ட்ரேட்டரில் இன்றும் ஷிஃப்ட் வேண்டும். அந்த ஒன்றில் போட்டோஷாப்பைப் பழைய முறைக்குத் திருப்பிவிடுங்கள். காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாகக் கை இரண்டு விதி கற்க வேண்டாம்.

ஒரே ஸ்டுடியோவில் நாலு கம்ப்யூட்டர் இருந்தால் நாலிலும் ஒரே செட்டிங் இருக்கட்டும். எந்த முறை என்பதைவிட எல்லா இடத்திலும் ஒரே முறை என்பது முக்கியம்.

‘சேவ் ஆஸ்’ போட்டால் ஜேபெக் காணவில்லை

2021 மே மாதம் வந்த 22.4ல் இது தொடங்கியது. மேக் இயங்குதளம் கோப்பு சேமிக்கும் முறையில் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, சேவ் ஆஸ் பட்டியலில் படத்தின் எல்லாவற்றையும் தாங்கக்கூடிய வடிவங்களை மட்டும் காட்டத் தொடங்கினார்கள். லேயர் உள்ள படத்தை ஜேபெக் தாங்காது, எனவே அது பட்டியலிலிருந்து மறைந்தது. ஜேபெக் வேண்டுமானால் ‘சேவ் எ காப்பி’ போக வேண்டும், விசை கன்ட்ரோல் ஆல்ட் எஸ். எதிர்ப்பு எழுந்த பிறகு, அடுத்து வந்த 22.4.2ல் பழையதைத் திருப்பும் செட்டிங் கொடுத்தார்கள்.

ப்ரிஃபரன்சஸில் ஃபைல் ஹேண்ட்லிங் பக்கம் போங்கள். ‘எனேபிள் லெகசி சேவ் ஆஸ்’ டிக் போட்டால் ஜேபெக் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அதன் அருகிலேயே, காப்பி சேமிக்கும்போது கோப்புப் பெயரின் வாலில் ‘காப்பி’ என்ற சொல்லை ஒட்டாதே என்று சொல்லும் டிக்கும் உண்டு. ஆல்பத்துக்கு நூறு படம் ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. கூடவே ஓர் எச்சரிக்கை: வால் ஒட்டாதபோது, ஜேபெக்காகத் திறந்த படத்தின் காப்பியை அதே கோப்புறையில் ஜேபெக்காகவே சேமித்தால் பெயர் மோதும். மேலெழுதட்டுமா என்று கேட்கும்போது அவசரத்தில் எஸ் கொடுத்தால் மூலப்படம் போய்விடும். ஏற்றுமதிக்குத் தனிக் கோப்புறை வைத்துக்கொண்டு அந்த டிக்கைப் போடுங்கள்.

இன்னொன்று. காப்பி சேமித்ததால், லேயர்களைக் காக்கும் மூலக்கோப்பான பிஎஸ்டி சேமிக்கப்பட்டதாக ஆகிவிடாது. ஜேபெக் வந்துவிட்டது என்ற நிம்மதியில் மூடும்போது வரும் கேள்விக்கு ‘வேண்டாம்’ கொடுத்தால் லேயர் வேலை முழுவதும் போகும். முதலில் கன்ட்ரோல் எஸ், அதன் பிறகு காப்பி.

சேமிக்கும்போது கிளவுடிலா கம்ப்யூட்டரிலா என்று கேட்டுத் தொல்லை கொடுத்தால், அதே ஃபைல் ஹேண்ட்லிங் பக்கத்தில் டிஃபால்ட் இடத்தைக் கம்ப்யூட்டர் என்று மாற்றிவிடுங்கள்.

சின்னச் சின்ன இடைஞ்சல்கள்

நியூ டாக்குமென்ட் கொடுத்தால் திரையை அடைத்துக்கொண்டு டெம்ப்ளேட் பக்கம் வருகிறதா? ஜெனரல் பக்கத்தில் ‘யூஸ் லெகசி நியூ டாக்குமென்ட் இன்டர்ஃபேஸ்’. அகலம், உயரம், ரெசல்யூஷன் மட்டும் கேட்கும் பழைய சின்னப் பெட்டி வரும், திறப்பதற்கும் நேரம் எடுக்காது. போட்டோஷாப் திறந்ததும் வரும் ஹோம் ஸ்கிரீனை நிறுத்தவும் அதே பக்கத்தில் ‘ஆட்டோ ஷோ த ஹோம் ஸ்கிரீன்’ டிக்கை எடுங்கள்.

டூல் மேல் மவுஸ் நின்றதும் அசையும் படத்தோடு வரும் விளக்கப் பெட்டி: டூல்ஸ் பக்கத்தில் ‘ரிச் டூல்டிப்ஸ்’ டிக்கை எடுத்தால் போய்விடும்.

படத்தின் மேலேயே மிதக்கும் கான்டெக்ஸ்சுவல் டாஸ்க் பார் 2023ல் வந்தது. விண்டோ மெனுவில் அந்தப் பெயரைத் தேடி டிக்கை எடுங்கள். முழுதாக வேண்டாம் என்றில்லாமல் படத்தை மறைக்காமல் இருந்தால் போதும் என்றால், அதன் மூன்று புள்ளியைத் தட்டிப் ‘பின்’ செய்து ஓரத்தில் நிறுத்தலாம்.

கிரேடியன்ட் டூல் இழுத்ததும் தனி லேயரும் பிடிகளுமாக வருவதும் 2023ன் மாற்றம்தான். ஆப்ஷன்ஸ் பாரின் இடப்பக்கப் பட்டியலில் ‘கிளாசிக் கிரேடியன்ட்’ தேர்ந்தால் பழையபடி லேயரில் நேராகப் பூசும். மாஸ்க்கில் வேலை செய்யும்போது இது தரும் வேகம் புதியதில் இல்லை.

க்ராப் டூலில் பெட்டி நகராமல் பின்னால் படம் நகர்வது 2012ல் சிஎஸ்6 கொண்டுவந்தது. ஆப்ஷன்ஸ் பாரின் பல்சக்கரத்தைத் தட்டி ‘யூஸ் கிளாசிக் மோட்’. காணாமல் போன பழைய பிரஷ்களுக்கு பிரஷஸ் பேனலின் மெனுவில் ‘லெகசி பிரஷஸ்’. பேட்டர்ன், ஷேப், கிரேடியன்ட் பேனல்களின் மெனுவிலும் இதேபோல லெகசி தொகுப்புகள் இருக்கின்றன.

திரும்பாதவை

2016ல், வெட்டி எடுக்கும் விளிம்பைச் சீராக்கும் ரிஃபைன் எட்ஜ் எடுக்கப்பட்டு செலக்ட் அண்ட் மாஸ்க் வந்தது. முடி வெட்டி எடுப்பதில் பழையதே கைக்கு வந்தது என்பவர்கள், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு செலக்ட் மெனுவில் செலக்ட் அண்ட் மாஸ்க் தேர்ந்து பாருங்கள். அதற்குப் பின் வந்த பல பதிப்புகளில் பழைய பெட்டி திறந்தது. 3டி வசதிகளுக்கு இப்படி வழி கிடையாது, 2021 முதல் அவை விலக்கப்பட்டுவிட்டன. அது தேவைப்படும் வேலை இருந்தால் பழைய பதிப்பை அழிக்காமல் வைத்திருப்பது ஒன்றே தீர்வு.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

கிரியேட்டிவ் கிளவுட் செயலியின் ப்ரிஃபரன்சஸில், ஆப்ஸ் பக்கத்தில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்துங்கள். கையில் ஆர்டர் இல்லாத நாளில் நீங்களே அப்டேட் கொடுங்கள். புதிய பெரிய பதிப்பைப் போடும்போது அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திறந்து, பழைய பதிப்பை நீக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், பழைய செட்டிங்கைக் கொண்டுவரும் டிக்கை வைத்திருங்கள். இரண்டு பதிப்பும் ஒரே கம்ப்யூட்டரில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இதைத் தவறவிட்டுவிட்டு நாலைந்து வருடம் பழைய பதிப்பைப் பின்னால் தேடினால் கிடைக்காது. 2019லிருந்து அண்மைய இரண்டு பெரிய பதிப்புகளையே இறக்கிக்கொள்ள விடுகிறார்கள்.

பேனல் அமைப்பைக் காக்க, விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேஸ், நியூ வொர்க்ஸ்பேஸ். பெயர் கொடுக்கும் பெட்டியிலேயே கீபோர்ட் ஷார்ட்கட்ஸ், மெனுஸ், டூல்பார் மூன்றுக்கும் டிக் போடுங்கள். போடாவிட்டால் பேனல் இருக்கும் இடம் மட்டுமே சேமிக்கப்படும். ஆக்‌ஷன் தொகுப்புகளை ஆக்‌ஷன்ஸ் பேனலின் மெனுவிலிருந்து தனிக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் மொத்தமாகக் காப்பதற்கு, போட்டோஷாப்பை மூடிவிட்டு செட்டிங்ஸ் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் நகலெடுங்கள். விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஆப்டேட்டா, ரோமிங், அடோபி, அதற்குள் உங்கள் பதிப்பின் பெயரில் இருக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், எக்ஸ்புளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். மூடிவிட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. போட்டோஷாப் தன் ப்ரிஃபரன்சஸை ஒழுங்காக மூடும்போதுதான் எழுதும். அரைமணி நேரம் உட்கார்ந்து எல்லா டிக்கும் சரிசெய்து, உடனே ஒரு பெரிய படத்தைத் திறந்து கிராஷ் ஆனால், அத்தனையும் போய்விடும். செட்டிங் மாற்றியதும் ஒரு முறை மூடித் திறந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எதற்கெடுத்தாலும் ‘ப்ரிஃபரன்சஸை ரீசெட் செய்யுங்கள்’ என்பார்கள். திறக்கும்போது கன்ட்ரோல் ஆல்ட் ஷிஃப்ட் மூன்றையும் அழுத்தினால் அது நடக்கும். மேலே போட்ட டிக்குகளும் கூடவே போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஜிம்ப் பயன்படுத்துபவர்களுக்கு

இலவசப் படத்திருத்த மென்பொருளான ஜிம்ப்பிலும் இதே கதைதான், காசு கொடுக்கவில்லை என்பது மட்டும் வேறு. 2012ல் வந்த 2.8ல் கன்ட்ரோல் எஸ், ஜிம்ப்பின் சொந்தக் கோப்பு வடிவமான எக்ஸ்சிஎஃப் மட்டுமே சேமிக்கும் என்று ஆனது. ஜேபெக்குக்கு எக்ஸ்போர்ட், விசை கன்ட்ரோல் ஷிஃப்ட் இ. இதைத் திருப்ப செட்டிங் இல்லை. எடிட் மெனுவின் கீபோர்ட் ஷார்ட்கட்ஸில் எக்ஸ்போர்ட்டுக்கு வேறு விசை கொடுக்கலாம், ஆனால் கன்ட்ரோல் எஸ்ஸையே அதற்குக் கொடுத்தால் லேயர்களைச் சேமிக்க மறந்துபோகும்.

2020 பிப்ரவரியின் 2.10.18ல் டூல்கள் குழுவாக ஒடுங்கின. ப்ரிஃபரன்சஸ், இன்டர்ஃபேஸ், டூல்பாக்ஸ் போய் ‘யூஸ் டூல் குரூப்ஸ்’ எடுத்தால் எல்லா டூலும் விரிந்து தெரியும். சாம்பல் நிற ஐகான்கள் கண்ணுக்குப் பிடிபடவில்லை என்றால் 2.10ல் ஐகான் தீம் பக்கத்தில் கலர் அல்லது லெகசி தேர்ந்துகொள்ளுங்கள்.

2025 மார்ச்சில் வந்த 3.0ல் ஃபில்டர்கள் லேயரோடு கலக்காமல் தனியாக ஒட்டி நிற்கும். அந்தப் படத்தில் வேலை மெதுவாவது பெரும்பாலும் இதனால்தான். ஃபில்டர் பெட்டியின் அடியில் ‘மெர்ஜ் ஃபில்டர்’ டிக் போட்டால் 2.10 போலவே நேராகப் பதிந்துவிடும். பைத்தான் 2ல் எழுதிய பழைய ப்ளக்இன்கள் 3.0ல் ஓடாது. உங்கள் தினசரி வேலை அப்படி ஒன்றை நம்பியிருந்தால், அதன் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே 2.10ஐ நீக்குங்கள். இரண்டின் செட்டிங்கும் தனித்தனிக் கோப்புறையில் இருப்பதால் பழையதற்குத் திரும்பினாலும் உங்கள் ஷார்ட்கட்கள் அப்படியே இருக்கும்.