கேம் டோர்னமென்ட் லைவ்: நம்ம பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் லைவ் எடுக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கல்யாணம், அறுபதாம் கல்யாணம், கோயில் கும்பாபிஷேகம் எல்லாமே யூடியூபில் போகிறது. கேமரா இருக்கிறது, மிக்சர் இருக்கிறது, ஓபிஎஸ் என்ற லைவ் மென்பொருளை ஓட்டத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். ஆனால் அதே குழுவை ஒரு பிஜிஎம்ஐ (போனில் ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம், கடைசிவரை பிழைக்கும் அணி ஜெயிக்கும்) டோர்னமென்ட்டுக்கு அழைத்தால், இரண்டாவது மேட்ச் முடிவதற்குள் பார்ப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள்.

காரணம் படத்தின் தரம் இல்லை. கல்யாண லைவ் பார்ப்பவருக்கு மாப்பிள்ளை யார், பெண் யார், அடுத்து என்ன நடக்கும் என்பதெல்லாம் முன்பே தெரியும். டோர்னமென்ட்டில் 16 அணி, 64 பேர். யார் எங்கே இருக்கிறார்கள், இந்தச் சண்டை ஏன் முக்கியம் என்று நாம் காட்டினால்தான் தெரியும், நாம் சொன்னால்தான் புரியும். அந்தக் காட்டுகிற ஆளுக்கும் சொல்கிற ஆளுக்கும் செலவழிக்காமல், காசு மொத்தத்தையும் கேமராவிலும் எல்இடி வாலிலும் போடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

அப்சர்வரைக் கடைசி நேரத்தில் தேடுவது

கேம் லைவில் உண்மையான கேமராமேன் அப்சர்வர்தான். டோர்னமென்ட்டுக்கென்று தனியாகத் திறக்கும் கஸ்டம் ரூமுக்குள் ஆடாமல் பார்வையாளராக நுழைந்து, எந்த ஆட்டக்காரரின் திரையைக் காட்டுவது என்று நொடிக்கு நொடி முடிவெடுப்பவர் அவர். இந்த வேலையை, சும்மா உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு தம்பியிடம் மேட்சுக்குப் பத்து நிமிடம் முன்பு கொடுத்துவிடுகிறார்கள். நான் பார்த்ததிலேயே லைவை அதிகம் கெடுக்கும் தவறு இதுதான்.

பிஜிஎம்ஐயின் எரங்கெல் மேப் (ஆட்டக்களம்) 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். அதில் 64 பேர் சிதறிக் கிடக்கும்போது, பழகாத அப்சர்வர் கில் ஃபீடை (யார் யாரைக் கொன்றார் என்று திரையில் ஓடும் பட்டியலை) பார்த்துவிட்டுத்தான் அந்த இடத்துக்கு ஓடுவார். போய்ச் சேரும்போது செத்தவரின் பெட்டி மட்டும்தான் கிடக்கும். நல்ல அப்சர்வர் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எந்த இரண்டு அணிகள் ஒரே மேட்டை நோக்கி நகர்கின்றன, யாரிடம் வண்டி இல்லை, சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பு வட்டமான சோனுக்கு வெளியே யார் மாட்டியிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, முதல் தோட்டா வெடிக்கும் முன்பே அங்கே போய் நிற்பார். இதற்குக் கை வேகத்தைவிட ஆட்ட அறிவுதான் தேவை. அதனால் அந்த ஆட்டத்தைப் போட்டியாக ஆடிப் பழகிய ஒருவரைப் பிடித்து, சம்பளம் பேசி, நாலைந்து ஸ்க்ரிம்ஸில் (பயிற்சி மேட்சில்) உட்கார வைத்துப் பழக்க வேண்டும். முடிந்தால் இரண்டு அப்சர்வர். ஒருவர் மேப்பின் ஒரு பாதியைக் கவனிக்கட்டும், இன்னொருவர் மறுபாதியைக் கவனிக்கட்டும். எதை ஏர் பண்ணுவது (லைவில் காட்டுவது) என்று, லைவை நடத்தும் புரொட்யூசர் முடிவு செய்யட்டும்.

வேலொரன்ட் மாதிரி ஐந்துக்கு ஐந்து ஆட்டங்களில் தவறு வேறு மாதிரி நடக்கிறது. அதிக கில் எடுத்தவரின் திரையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். ஸ்பைக் என்ற குண்டை வைத்தபின் வெடிக்க 45 நொடி, அதை டிஃப்யூஸ் பண்ண (செயலிழக்க வைக்க) 7 நொடி. அந்த நேரத்தில் கதை முழுக்க ஸ்பைக்கை நோக்கித் தனியாக வருகிற ஆளிடம் இருக்கும். அவரை விட்டுவிட்டு, மேப்பின் மறுகோடியில் காத்திருக்கும் ஸ்டாரைக் காட்டிக்கொண்டிருந்தால் ரவுண்டே வீண்.

அப்சர்வர் கையில் கொடுக்கும் சாதனத்தையும் முன்பே சோதியுங்கள். யுஎஸ்பி-சி ஓட்டை இருக்கிற எல்லா போனும் எச்டிஎம்ஐ வெளியே தராது. வாங்கிய அடாப்டர் சரியாக இருந்தும் படம் வராமல் முழிப்பது இதனால்தான். மூன்று மணி நேரம் தொடர்ந்து ஓடினால் போன் சூடேறி, வெளிச்சமும் ஃபிரேம் ரேட்டும் தானாகக் குறையும். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வைப்பது சின்ன விஷயம், ஆனால் சித்திரை மாதத்துக் காரைக்குடியில் அதுதான் மேட்சைக் காப்பாற்றும். அப்புறம், போனை 'தொந்தரவு செய்யாதே' நிலையில் போட மறக்காதீர்கள். யாரோ ஒருவரின் வங்கி ஓடிபி நேரலையில் எட்டிப் பார்ப்பதெல்லாம் நடக்கிறது.

கத்தினால் கமென்ட்ரி ஆகிவிடும் என்று நினைப்பது

தை மாதம் சிறாவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனவர்களுக்கு மைக்கில் பேசுபவரின் வேலை தெரியும். மாடு வெளியே வரும்போதே அது எந்த ஊர் மாடு, யாருடைய மாடு என்று சொல்லிவிடுவார். கூட்டத்துக்கு அந்த மாட்டோடு ஒரு பிடிப்பு வந்துவிடும். கேம் கமென்ட்ரியில் நம் பையன்கள் விடுவது சரியாக இந்த இடத்தைத்தான். "என்ன ஒரு ஷாட்!" என்று முதல் நிமிடத்திலிருந்தே தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அடித்தவர் யார், எந்த அணி, இந்த கில்லால் புள்ளிப் பட்டியலில் என்ன மாறியது என்று சொல்வதில்லை. தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய்விட்டால், கடைசி சோனில் நான்கு அணிகள் மிஞ்சும்போது போவதற்கு மேலே இடம் இருக்காது.

இரண்டு பேர் உட்காருவது நல்லது. ஒருவர் நடப்பதைச் சொல்லட்டும், மற்றவர் ஏன் அப்படி நடந்தது என்று விளக்கட்டும். இருவரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் புரியாது. திரையில் தெரிவதையே திரும்பச் சொல்வதும் வீண்தான். "வீட்டுக்குள்ள மூணு பேர், வெளிய ஒருத்தர். சோன் மூட இருபது செகண்டுதான் இருக்கு, வெளிய வந்தே ஆகணும்" என்று சொன்னால், அந்த ஆட்டத்தை ஆடாத ஆளுக்குக்கூட அடுத்த இருபது நொடி படபடக்கும். ஆட்டம் தெரியாத அப்பா அம்மாவும் தங்கள் பையனுக்காக லைவைப் பார்க்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் தமிழிலேயே செய்யலாம். பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊரில் பேசத் தெரிந்த பிள்ளைகள் கிடைக்காமல் போக மாட்டார்கள்.

ஆட்டக்காரர்களின் பெயரை மேட்சுக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேமுக்குள் அவர்கள் வைத்திருக்கும் பெயரில் பாதி வெறும் குறியீடாக இருக்கும், அதைப் பார்த்து வாசிக்கவே முடியாது. பதிவுப் படிவத்திலேயே 'உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்' என்று ஒரு கட்டம் வைத்தால் வேலை முடிந்தது. காரைக்குடி அணிக்கும் தேவகோட்டை அணிக்கும் மேட்ச் என்றால், காஸ்டர் (கமென்ட்ரி சொல்பவர்) குரலில் சொந்த ஊர்ப் பாசம் வழியக் கூடாது. தோற்கிற அணி அந்தப் பதிவை வீட்டில் போய்த் திரும்பப் பார்க்கும்.

புரொட்யூசர், அப்சர்வர், காஸ்டர் மூவரும் டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டை ஆப்பில் ஒரே அறையில் இருக்கட்டும். காஸ்டர் காதில் புரொட்யூசரின் குரல் மட்டும் கேட்டால் போதும்.

வளவு அழகாக இருக்கிறது என்பதற்காக அங்கேயே உட்காருவது

கல்யாண மண்டபம், கல்லூரி அரங்கம் எல்லாம் போக, இப்போது வாடகைக்குக் கிடைக்கும் பெரிய செட்டிநாட்டு வீடுகளின் வளவிலும் (நடுமுற்றத்தைச் சுற்றிய உள்பகுதியிலும்) டோர்னமென்ட் வைக்கிறார்கள். ஃபிரேமில் தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரையும் வந்தால் அழகுதான். ஆனால் வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், கல்தூண், தரை ஓடு எல்லாமே சத்தத்தை அப்படியே திருப்பி அடிக்கும். காஸ்டரை நடுவில் உட்கார வைத்தால் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்றை அவருக்குக் கொடுங்கள். கொடிக்கயிறு கட்டி இரண்டு பக்கமும் கனமான ஜமுக்காளம் தொங்க விடுங்கள், கீழேயும் ஒன்று விரியுங்கள். வாய்க்குப் பக்கத்திலேயே நிற்கும் ஹெட்செட் மைக் போதும், விலை உயர்ந்த கண்டென்சர் மைக் அறையின் எதிரொலியையும் சேர்த்து வாங்கும். ஓபிஎஸ்ஸில் கேம் ஆடியோவுக்குக் கம்ப்ரெஸர் ஃபில்டர் போட்டு, அதன் சைட்செயினில் (எந்தச் சத்தத்தைக் கேட்டு இறங்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில்) காஸ்டர் மைக்கைக் கொடுத்தால், அவர் பேசும்போது துப்பாக்கிச் சத்தம் தானாக இறங்கும். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். சத்தம் காதைக் குத்தினால் உடனே போய்விடுவார்.

முற்றத்து வெயிலும் ஒரு தொல்லை. பதினோரு மணிக்கு ஒரு மாதிரி விழும், மூன்று மணிக்கு வேறு மாதிரி விழும். போன் திரையில் பட்டால் ஆட்டக்காரருக்கு எதிரி தெரியாது. பட்டாலையில் (கூடத்தில்) பெரிய பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால், எல்இடி வால் அதில் பிரதிபலித்து ஆட்டக்காரர் கண்ணில் படுகிறதா என்று ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பாருங்கள். எதிரணி ஒளிந்திருக்கும் இடத்தை அந்தக் கண்ணாடியே காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி வைஃபை ஒழுங்காகப் போகாது. லேன் கேபிள்தான் வழி, அதற்கும் ஒரு இழுப்புக்கு 100 மீட்டர்தான் எல்லை. முகப்பிலிருந்து பின்கட்டு வரை வளைத்துக் கொண்டுபோகும்போது இந்த அளவை நினைவில் வையுங்கள்.

நெட்டும் கரண்டும்

பிளானில் 100 எம்பிபிஎஸ் என்று இருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது அப்லோட். 1080பி, 60 ஃபிரேமில் 9 எம்பிபிஎஸ் அனுப்பப் போகிறோம் என்றால், அப்லோட் நிலையாக அதைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்கப்படாமல் 720பிக்கு இறங்குங்கள். கீஃபிரேம் (முழுப் படமாகப் போகும் ஃபிரேம்) இடைவெளியை 2 நொடி என்று வையுங்கள். ஆட்டக்காரர்களின் 64 போனையும் ஸ்ட்ரீம் பிசியையும் ஒரே இணைப்பில் மாட்டக் கூடாது, இரண்டு பக்கமும் கெடும். பேக்கப்புக்கு 5ஜி சிம் வைத்திருக்கிறோம் என்பார்கள். காலியான மண்டபத்தில் அது பறக்கும். கூட்டம் சேர்ந்து எல்லோரும் ரீல்ஸ் போடத் தொடங்கியபின் அதே டவர் திணறும். பேக்கப்பைக் கூட்டம் இருக்கும்போது சோதித்தால்தான் அது சோதனை.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை தேதியைப் பார்க்காமல் நோட்டீஸ் அடிப்பதும் நடக்கிறது. ஜெனரேட்டர் இருந்தாலும் மாறுகிற சில நொடிகளுக்குள் ரவுட்டர் அணைந்து எழும், லைவ் அறுந்துவிடும். பிசிக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்து, ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் சுவர் பிளக்கில் விட்டுவிடாதீர்கள். ஓபிஎஸ்ஸில் உள்ளூர்ப் பதிவு எப்போதும் ஓடட்டும், எம்கேவி ஃபார்மட்டில். நடுவில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்கவே திறக்காது. எம்கேவியில் அதுவரை பதிந்தது தப்பிக்கும். விளக்கு மின்னினால் கேமரா ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள், நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

டெலே போடாமல் விடுவது

தாமதமில்லாத லைவை ஒருவர் பார்த்து, ஆடிக்கொண்டிருக்கும் நண்பனுக்கு எதிரி இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டால் டோர்னமென்ட்டே சந்தேகத்துக்குள்ளாகும். யூடியூபின் கண்ட்ரோல் ரூமிலேயே 30 அல்லது 60 நொடி தாமதம் சேர்க்கும் வசதி இருக்கிறது. ஆட்டக்காரர்கள் வீட்டிலிருந்து ஆடும் சுற்றுகளில் ஓபிஎஸ்ஸில் இன்னும் அதிகமாகவே வைப்பது நல்லது. காஸ்டர் தாமதமில்லாத படத்தைத்தான் பார்த்துப் பேச வேண்டும். குரலும் படமும் சேர்ந்து தாமதமாகட்டும். ரூம் ஐடியும் பாஸ்வேர்டும் தெரியும் திரையை ஏர் பண்ணவே கூடாது. மேட்ச் தொடங்கிய பிறகுதான் அப்சர்வர் திரைக்கு மாற வேண்டும்.

மற்றவை

ஸ்பான்சர் லோகோ பதினைந்தையும் ஒரே நேரத்தில் திரையில் ஒட்டி, மினிமேப்பையும் கில் ஃபீடையும் மறைக்கிறார்கள். மேட்சுக்கு இடையில் ஒவ்வொன்றாகப் பெரிதாகக் காட்டினால் கடைக்காரருக்கும் மரியாதை, ஆட்டமும் தெரியும். எழுத்தின் அளவை பிசி மானிட்டரில் பார்த்து முடிவு செய்யாமல் போனில் பாருங்கள். தமிழ் எழுத்தின் சுழிகள் சின்ன அளவில் அடைத்துக்கொள்ளும்.

பந்தய ஆப் விளம்பரம் நல்ல காசு தருகிறேன் என்று வந்தாலும் தொடக் கூடாது. 2025இன் ஆன்லைன் கேமிங் சட்டம் ஈ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்கிறது. அவற்றை விளம்பரப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பள்ளிப் பிள்ளைகள் ஆடினால் முகத்தைக் காட்டும் முன் பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

இடைவேளையில் சினிமாப் பாட்டு போட்டால் காப்புரிமைப் பிரச்சினையில் லைவ் நடுவிலேயே நின்றுபோகலாம். உரிமை சிக்கல் இல்லாத இசையோ, ஊர் நாதஸ்வரக் கலைஞரிடம் அனுமதி வாங்கிப் பதிந்த துண்டோ போதும். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்துவதை மேட்ச் நடுவில் வைக்காமல், தொடக்கத்திலோ பரிசளிப்பிலோ வையுங்கள். மேட்சுக்கு இடையிலான இருபது நிமிடத்தை 'விரைவில் தொடங்கும்' என்ற அட்டையால் நிரப்பாமல், புள்ளிப் பட்டியலைக் காட்டிப் பேசுங்கள், ஒரு ரீப்ளே போடுங்கள், ஜெயித்த அணியில் ஒருவரை இரண்டு நிமிடம் பேச வையுங்கள்.

புதுச் சேனல் என்றால் யூடியூபில் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும், அன்று காலையில் போய்த் தட்டக் கூடாது. முந்தைய நாளே அன்லிஸ்டடாக (லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) ஒரு முழு மேட்சை, காஸ்டர், அப்சர்வர், ஓவர்லே (படத்தின் மேல் வரும் கிராஃபிக்ஸ்) எல்லாவற்றோடும் ஓட்டிப் பாருங்கள். 12 மணி நேரத்தைத் தாண்டிய நேரலையை யூடியூப் தானாகச் சேமிக்காது. காலைச் சுற்றையும் மாலைச் சுற்றையும் தனித்தனி லைவாகப் போட்டால், ஆடிய பிள்ளைகளுக்குத் தங்கள் மேட்சைத் தேடி எடுக்கவும் சுலபம்.